கடிபடும் குதிரைக்கு ஒதுங்க இடம் கொடுங்கள்

திருவனந்தபுரத்திலும், நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாகக் களியக்காவிளை, மார்த்தாண்டம் வரையிலும் குதிரை வளர்க்கும் அன்பர்களுக்கு,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் யாராவது கூப்பிட்டால் வந்து பார்ப்பவன். சவாரி கற்றுக்கொடுப்பவர்கள், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுபவர்கள், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புபவர்கள், வெறும் ஆசைக்காக வீட்டை ஒட்டிய விளையில் இரண்டு மூன்றை வாங்கிக் கட்டியிருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேல் இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஏழு ஆண்டில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. அப்படியிருக்க, நம் பக்கத்தில் ஆசையோடு குதிரை வளர்க்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் ஒரு குறையையும் சொல்ல வந்தேன்.

என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர் சொல்வது ஒரே செய்தி: "கூட நிக்கிற குதிரை கடிச்சுட்டு டாக்டர், ஒரு மருந்து எழுதித் தாங்க." மருந்து எழுதித் தருகிறேன். புண் ஆறுகிறது. அடுத்த மாதம் அதே குதிரைக்கு, அதே பக்கத்தில், இன்னொரு கடி. வீட்டுக்காரர் கடித்த குதிரையைத் திட்டுகிறார், சில இடங்களில் அடிக்கவும் செய்கிறார். நான் பார்த்தவரை குற்றம் அந்தக் குதிரையிடம் இல்லை. நாம் அவற்றை நிறுத்தியிருக்கும் இடத்திலும், தீவனம் போடும் முறையிலும், புதிதாக வந்ததைப் பழையவற்றோடு சேர்க்கும் அவசரத்திலும் இருக்கிறது. களிம்பு தடவி இதைத் தீர்க்க முடியாது.

முதலில் கடியைப் பற்றி. குதிரைக்கு முன்பக்கம் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். அது கடித்துப் பிடித்து இழுக்கும்போது, பிறை வடிவில் இரண்டு வரிசை எதிரெதிராகப் பதிகிறது. நடுவில் முடி உரிந்து வெளுத்த தோல் தெரியும். பல நேரம் ரத்தம்கூட வராது. "மேலோட்டமான காயம்தான்" என்று விட்டுவிடுவீர்கள். மறுநாள் காலையில் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடாக, மாவு பிசைந்து வைத்ததுபோல் இருக்கும். தோல் கிழியவில்லை, அடியில் இருக்கும் சதை நசுங்கி உள்ளேயே ரத்தம் கட்டியிருக்கிறது. கடி பெரும்பாலும் விழுவது சேணம் அமரும் மேட்டிலும், முதுகிலும், விலாவிலும், பின்தொடையிலும். அதன்மேல் சேணத்தைப் போட்டு ஆளையும் ஏற்றினால் பத்து நாளில் ஆற வேண்டியது இரண்டு மாதம் இழுக்கும். புண் ஆழமாக இருந்தால் அங்கே பின்னால் வெள்ளை முடி முளைக்கும். வாங்கப் போகிற குதிரையின் முதுகில் அப்படி வெள்ளைத் திட்டுகளைக் கண்டால், அது எப்படிப்பட்ட இடத்தில் நின்று வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சேணம் அழுத்தினாலும் அப்படி வெளுக்கும் என்பதால், கேட்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

ஆண் குதிரையின் கடி இன்னும் மோசம். வெட்டுப்பற்களுக்குப் பின்னால் அதற்குக் கோரைப்பற்கள் உண்டு. பெண் குதிரைக்குப் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சிறியதாகத்தான் இருக்கும். கோரைப்பல் குத்திய துளை வெளியே சிறிதாகத் தெரிந்து உள்ளே ஆழமாகப் போயிருக்கும். அந்தத் துளைதான் எனக்குப் பயம். வீட்டில் வளர்க்கும் விலங்குகளில் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், மிக எளிதாகத் தாக்குவது குதிரையைத்தான். கிருமி மண்ணிலும் சாணத்திலும் எப்போதும் இருக்கிறது. கழுத்து விறைத்து, வாய் திறக்க முடியாமல், கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு கண்மேல் ஏறிவர, நான்கு காலையும் மரக்குதிரைபோல் அகட்டி நிற்கும் குதிரையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த நிலைக்கு வந்தபின் பிழைப்பவை குறைவு. வராமல் தடுக்கும் ஊசியோ விலை மலிவானது. ஆகவே எந்தக் கடியானாலும் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கிரீஸ் எதையும் துளைக்குள் அடைக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். கண், மூட்டு, பிறப்புறுப்பு இவற்றின் அருகே கடி என்றால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி, கடி ஏன் விழுகிறது என்பதற்கு வருகிறேன். மாலை தீவனம் போடும் நேரத்தில் வேலிக்கு வெளியே பேசாமல் நின்று பாருங்கள். மூத்த குதிரை தலையைத் தூக்காமலேயே ஒரு காதை மட்டும் பின்னால் மடக்கும். பக்கத்தில் வந்த இளையது நின்றுவிடும். நிற்காவிட்டால் இரண்டு காதும் கழுத்தோடு ஒட்டிப் படியும், மூக்குத்துளை சுருங்கும், தலை தாழ்ந்து கழுத்து நீளும். அப்போதும் நகராவிட்டால் வாயைத் திறந்து காற்றில் ஒரு வெட்டு. பல் தோலில் படுவது இதற்கெல்லாம் பிறகுதான். குதிரைக் கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் முதலில் குடிப்பது என்ற வரிசை உண்டு. அதைப் பெரும்பாலும் மிரட்டலோடே முடித்துக்கொள்கின்றன. திறந்த வெளியில் வாழும் கூட்டங்களில் பல் படும் சண்டை குறைவாக இருப்பதற்குக் காரணம், மிரட்டப்பட்டது நாலடி விலகிப் போக இடம் இருப்பதுதான். மார்வாரி, கத்தியவாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் குதிரைகளின் காது நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால் எப்போதும் விறைப்பாகத் தெரியும். காதின் வளைவைப் பார்க்காதீர்கள், அது எந்தப் பக்கம் படிகிறது என்று பாருங்கள்.

நம் விளைகளில் அந்த நாலடி எங்கே இருக்கிறது? பத்து சென்ட், பதினைந்து சென்ட். அதிலும் பாதியில் வீடு, கிணறு, தென்னை. மீதியில் மூன்று குதிரை. ஒரே தொட்டி, ஒரே புல்குவியல், ஒரு பக்கம் மட்டும் திறந்த தகரக் கொட்டகை. வரிசையில் கடைசியாக இருக்கும் குதிரை பசிக்காகக் குவியலுக்கு வந்தே ஆக வேண்டும், வந்தால் மிரட்டல், விலகினால் முதுகுக்குப் பின்னால் சுவர். கடி அங்கே விழாமல் வேறெங்கே விழும்? இடவப்பாதி மழை தொடங்கியதும் எனக்கு அழைப்பு கூடுவதற்கும் இதுவே காரணம். நனையாமல் நிற்க எல்லாம் ஒரே கூரைக்குள் நுழைகின்றன. துலாமாத மழையில் இடியும் சேர்ந்துகொள்கிறது. பயந்த குதிரைகளை நெருக்கி நிறுத்தினால் கடியைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

ஊரில் நிலம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. இருக்கிற இடத்திலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. மூன்று குதிரை இருந்தால் நான்கு குவியல் போடுங்கள், ஒன்றுக்கொன்று மூன்று குதிரை நீளமாவது தள்ளி. மூத்தது ஒன்றிலிருந்து விரட்டினால், விரட்டப்பட்டது அடுத்ததற்குப் போய்த் தின்னும். ஒரு குவியல் கூடுதலாக இருப்பதால் இந்தச் சுற்று யாரும் பட்டினி கிடக்காமல் நடக்கும். தண்ணீர்த் தொட்டியும் இரண்டு வேண்டும், மூலையில் அல்லாமல் சுற்றி நடமாடும் இடத்தில். வேலியின் கூர்மூலைகளைக் குறுக்குக் கழி கட்டி மழுக்கிவிடுங்கள், அங்கேதான் பலவீனமானது மாட்டிக்கொள்கிறது. கொட்டகைக்கு இரண்டு வாசல் விடுங்கள், முடிந்தால் இரண்டு பக்கத்தையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். தோப்பில் நிற்கும் தென்னைகளை வெட்ட வேண்டாம். ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்று மறைய அந்த மரங்கள் உதவுகின்றன. முள்கம்பி வேலியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கடிக்குப் பயந்து ஓடும் குதிரை முள்கம்பியில் விழுந்தால், கடி தந்திருக்கக் கூடியதைவிடப் பல மடங்கு கிழிந்துபோகும். மார்பிலிருந்து முழங்கால் வரை பிளந்த தோலை நான் தைத்திருக்கிறேன். சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும் கழி வேலி போதும்.

தீவனத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கடி பசியால் வருவது. குதிரை விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம்கூட மேயும். அதன் இரைப்பை உடலைப் பார்க்கச் சிறியது, அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். நாம் காலையில் கொஞ்சம் காணம், மாலையில் கொஞ்சம் தவிடு என்று போட்டுவிட்டு இடையில் வெறும் தரையில் நிறுத்துகிறோம். வயிறு எரியும் குதிரை அடுத்ததன்மேல் பாயாமல் என்ன செய்யும்? 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு நாலரை முதல் ஆறு கிலோ உலர்ந்த புல் வேண்டும். பச்சைத் தீவனப்புல் என்றால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் 25 கிலோவாவது ஆகும். இதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, இரவிலும் வாய்க்கு எட்டும்படி வையுங்கள். காணமும் தவிடும் போடும்போது மட்டும் தனித்தனியாகக் கட்டி, எல்லாம் தின்று முடித்தபின் அவிழ்த்துவிடுங்கள். ருசியான தீவனத்துக்குத்தான் சண்டை கடுமை.

அடுத்தது புதுக்குதிரை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலிருந்தோ, வடக்கே எங்கிருந்தோ லாரியில் ஏற்றி வருகிறீர்கள். நள்ளிரவில் இறக்கி, அப்படியே பழைய குதிரைகள் நிற்கும் விளைக்குள் தள்ளிவிடுகிறீர்கள். பயணத்தில் நொந்து, தாகத்தோடு, இருட்டில், எந்தப் பக்கம் வேலி என்றுகூடத் தெரியாமல் நிற்கும் ஒன்றை மூன்று பேர் சூழ்ந்தால் என்ன நடக்கும் என்று காலையில் முதுகைப் பார்த்தால் தெரிகிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். பாண்டிய நாட்டில் மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை, பேணத் தெரிந்த ஆட்கள் இல்லாததே காரணம் என்கிறார். எண்ணிக்கையில் அவர் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனால் பெரும் பொருள் கொடுத்து வாங்கத் தெரிந்த அளவுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்ற அந்தக் குற்றச்சாட்டு எழுநூறு ஆண்டு கழித்தும் நம்மேல் நிற்கக் கூடாது.

புதுக்குதிரையை முதல் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்திருங்கள். இது கடிக்காக மட்டுமல்ல. கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்று குதிரையிலிருந்து மனிதருக்கும் வரும். அதற்கான ரத்தப் பரிசோதனை ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது, கால்நடைத் துறை வழியாக மாதிரி அனுப்பலாம். பரிசோதனை முடிவு வந்து, தனிமைக் காலமும் முடிந்தபின், நடுவில் ஒரு கழிவேலி வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். மூக்கோடு மூக்கு உரசட்டும், கத்தட்டும், காலைத் தட்டட்டும். இரண்டும் வேலியோரம் அமைதியாகச் சேர்ந்து மேயும் நாள் வரும். அதன்பிறகு கூட்டத்தில் சாதுவான ஒன்றை மட்டும் முதலில் சேர்த்துவிடுங்கள். புதியதற்கு ஒரு துணை அமைந்தபிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். சேர்க்கும் நாளில் எல்லாவற்றுக்கும் வயிறு நிறையப் புல் போட்டிருக்க வேண்டும். பகலில், இருப்பதிலேயே பெரிய இடத்தில், பின்கால் லாடங்களைக் கழற்றிவிட்டுச் சேர்க்க வேண்டும். நீங்களும் கூடவே நிற்க வேண்டும். கொஞ்சம் துரத்தலும் கூச்சலும் இருக்கும், அதற்கு நடுவில் ஓடிப்போய் நிற்காதீர்கள். ஒன்று மூலையில் சிக்கி வெளிவர முடியாமல் அடிபட்டால் மட்டும் பிரியுங்கள். இப்படிச் சேர்த்தபின் அந்தக் கூட்டத்தை அடிக்கடி கலைக்க வேண்டாம். மாதம் ஒன்று வாங்கி ஒன்று விற்கும் இடங்களில் வரிசை நிலைப்பதே இல்லை, கடியும் ஓய்வதில்லை.

எல்லா வாய்வைப்பும் சண்டை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயந்துபோய்ச் சிலர் நல்ல கூட்டாளிகளையே பிரித்துவிடுகிறார்கள். இரண்டு குதிரைகள் தலைமாறி நின்று ஒன்றின் தோள்மேட்டை மற்றொன்று பல்லால் சொறிந்துகொடுக்கும். காது தளர்ந்திருக்கும், மேலுதடு நீண்டு துடிக்கும். அது பாசம். அந்த இடத்தை அப்படிச் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளில் செய்த ஆய்வு 1993இல் வெளியாகியிருக்கிறது. குட்டி ஒன்று பெரிய குதிரையின் முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடினால், "நான் சின்னவன், அடிக்காதே" என்கிறது. இளம் ஆண்கள் ஒன்றின் முன்காலை ஒன்று கவ்வி விளையாடும், முறை மாற்றி மாற்றித் துரத்தும். ஒன்றே எப்போதும் துரத்தி, மற்றொன்றே எப்போதும் ஓடினால்தான் அது விளையாட்டில்லை.

ஆகவே கடிபடுகிறது என்பதற்காக ஒரு குதிரையை ஆயுள் முழுக்கத் தனியாகக் கட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. கிழக்கேகோட்டையில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகையைப் பார்த்திருப்பீர்கள். கூரையின் கீழ் 122 மரக்குதிரைகள், ஒன்றுக்கொன்று அளந்த இடைவெளியில், ஒன்றும் ஒன்றைத் தொடாமல். மரத்துக்கு அது பொருந்தும். உயிருள்ள குதிரைக்கு இன்னொரு குதிரையின் உடம்பு பக்கத்தில் வேண்டும். தனியாக நின்றுதான் தீர வேண்டும் என்றால், கம்பி வழியாகவாவது அடுத்ததைப் பார்க்கவும் முகரவும் தொடவும் முடியும்படி வையுங்கள்.

செய்யக் கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடித்த குதிரையை அடிக்காதீர்கள். எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது, அடுத்த குதிரை பக்கத்தில் வந்தால் அடி விழும் என்று மட்டும் புரிந்துகொண்டு இன்னும் கடுமையாகும். கடிபடும் குதிரையின் கழுத்தில் மிளகாய் விழுது பூசுவதை ஓர் இடத்தில் பார்த்தேன். வியர்வையோடு அது கண்ணுக்குள் இறங்கியது. குளிர்நாடுகளில் கடிக்குக் காப்பாகத் தடித்த போர்வை போர்த்துவது உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் போர்வைக்குள் வியர்த்துத் தோலில் பூஞ்சை பிடிக்கும், வேண்டாம். கடிக்காமல் இருக்க வாய்க்கூடை போடுவது கூட்டிச் சேர்க்கும் சில மணி நேரத்துக்குச் சரி, நாள் முழுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் கொடுமை, அவிழ்த்துவிட்ட குதிரைகளுக்கு நடுவில் ஒன்றை மட்டும் கட்டிப்போடுவதும், முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளையிட்டு மேயவிடுவதும். மற்றவை கடிக்க வரும்போது அதனால் ஓடவும் முடியாது, திரும்பி நிற்கவும் முடியாது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான கயிற்றிலும் சங்கிலியிலும் நெடுநேரம் கட்டிவைப்பதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது.

ஆண் குதிரையை வைத்து இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இல்லாதவர்கள் விதையடித்துவிடுங்கள். "ஆம்பளைக் குதிரைன்னா ஒரு கெத்து" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அந்தக் கெத்துக்காக அது வாழ்நாள் முழுக்கத் தனிக்கொட்டிலில் அடைபட்டுக் கிடக்கிறது. விதையடித்தபின் சில வாரங்கள் பெண் குதிரைகளிடமிருந்து விலக்கி வைத்துவிட்டு மெல்லச் சேர்த்தால், பெரும்பாலானவை கூட்டத்தோடு அமைதியாக மேயும்.

இத்தனையும் செய்தும் ஒன்று அடங்காமல் கடித்தால் அதற்கு உடம்பில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். பல், முதுகு, வயிறு மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் எதுவும் இல்லை என்றால் சில ஜோடிகளுக்கு ஒத்துவராது, மாற்றிச் சேர்த்துவிடுங்கள். இதுவரை சாதுவாக இருந்த குதிரை திடீரென்று ஆளையும் மரத்தையும் தன் உடம்பையுமே கடிக்கத் தொடங்கினால் கதை வேறு. தெருநாய்க்கடி இவ்வளவு இருக்கும் ஊரில் வெறிநோயை மறந்துவிடக் கூடாது. அதன் வாய்க்குள் கைவிடாதீர்கள், ஆட்களை விலக்கிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நமக்கு உதவி தூரத்தில் இல்லை. குடப்பனக்குன்றில் கால்நடைத் துறையின் பயிற்சி மையம் இருக்கிறது. கடினமான அறுவை என்றால் மண்ணுத்தியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கண்ணேற்றுமுக்கில் போலீஸ் குதிரைப்படையின் லாயம் இருக்கிறது, அங்கே குதிரையோடு பல்லாண்டு பழகியவர்கள் உண்டு. பயிற்சி மையம் குதிரை வளர்ப்புக்கென்று ஒரு நாள் வகுப்பாவது நடத்த வேண்டும் என்று நாம் சேர்ந்து மனு கொடுப்போம். மனுவை நான் எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்திடுங்கள்.

அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த மழை தொடங்குவதற்குள் கொட்டகையில் இரண்டாவது வாசலைத் திறந்துவிடுங்கள். இன்று மாலையே ஒரு குவியல் புல் கூடுதலாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்
கரமனை, திருவனந்தபுரம்